சிங்கையில் காவற்கல்வி

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் கிளமெண்டிச் சாலை என்றொரு நீண்ட சாலை செல்கிறது. இப்பெயர் 1947ஆம் ஆண்டில் இடப்பட்டது. அதற்கு முன் அதனை ‘ரிஃபார்மேட்டரி ரோடு’ என்று வழங்கினர். சீர்திருத்தப் பள்ளிச் சாலை என்பது பொருள். குற்றம் புரிந்த சிறுவர்களைத் திருத்துவதற்கென ஆங்கில ஆட்சியார் அங்கே ஒரு பள்ளியை நடத்தியதால் வந்த பெயர் அது. புதிய பெயருக்கு உரியவர் 1887 முதல் 1893 வரை ஆளுநராக இருந்த சர் சிசில் கிளமெண்டி ஸ்மித்தா, 1930 முதல் 1934 வரை ஆளுநராக இருந்த அவருடைய உறவினர் சர் சிசில் கிளமெண்டியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், குற்றவாளிச் சிறுவரைத் திருத்திய அதே சாலையில் இன்று குற்றத்தைத் துப்புத் துலக்கவும் தடுக்கவும் கற்பிக்கும் உயர்கல்வி நிலையங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே பொதுப் பாதுகாப்புத் துறையில் பட்டப்படிப்பு உண்டு. மற்றொன்று நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. அங்கே கணினிவழிக் குற்றங்களின் தடயங்களை ஆராயும் பட்டயப்படிப்பு நடைபெறுகிறது.

காவல் வேலைக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்று கேட்பவர் இன்றும் உண்டு. வாட்டசாட்டமான உடம்பு, உறங்காத கண், கையில் ஒரு தடி, இவை போதும் என்பதே நெடுங்கால எண்ணம். ஆளின் குலத்தையும் உடற்கட்டையும் பார்த்து நம்பிய காலம் போய், அவன் என்ன கற்றான் என்று கேட்டு நம்பும் காலம் சிங்கையில் எவ்வாறு வந்தது என்பது ஆராயத் தக்கது. அம்மாறுதல் யாரோ ஒருவர் திட்டமிட்டு வந்ததன்று. ஒவ்வொரு படியும் ஏதேனும் ஒரு தவறு நேர்ந்து, அதனால் உயிர்ச்சேதமோ அவமானமோ விளைந்த பின்னரே கட்டப்பட்டது.

தமிழ் மக்களுக்கு இச்செய்தி புதிதன்று. விசாரணை இன்றித் தண்டனை வழங்கினால் என்ன ஆகும் என்பதையே தலைமைச் செய்தியாகக் கொண்ட காப்பியம் அவர்களுடையது. கோவலன் கொலையுண்ட இடத்தை ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். காவலர் முதலில் அவனைக் கண்டதும் இவன் கள்வனல்லன் என்றே எண்ணுகின்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை எடுத்துரைத்து அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். காவலர் தயங்கித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவர்களுள் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவனைக் கல்லாதவன் என்றும் கள்ளுண்டவன் என்றும் இளங்கோவடிகள் குறிக்கிறார். மன்னனின் பிழையைப் பற்றிப் பேசுவோர் பலர்; இந்தக் கல்லாக் காவலனைப் பற்றிப் பேசுவோர் சிலரே. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் பொருட்சான்றுச் சோதனையும் அக்காப்பியத்தில் உண்டு. ஆனால் அது நடந்தது கோவலன் இறந்த பிறகு.

பிற்காலத் தமிழகத்தில் காவல் என்பது குடிவழி உரிமையாயிற்று. சோழர் கல்வெட்டுக்களில் பாடிகாவல் என்ற வரி காணப்படுகிறது. பின்னர் ஊர்தோறும் காவற்காரர் குடும்பங்கள் இருந்தன. களவு போன பொருளைக் கண்டுபிடிக்க இயலாவிட்டால் காவற்காரரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. அதனால் அவருக்குத் துப்புத் துலக்குவதில் அக்கறை இருந்தது. எங்கே களவு போகும் என்பதை முன்னரே அறியும் வழிகளும் இருந்தன என்று குறை கூறுவோரும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1816ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழைய காவல்முறையை மாற்றி, ஊர்த்தலைவரையும் தாசில்தாரையும் போலீஸ் அதிகாரிகளாக ஆக்கினர். மூன்றாண்டுகள் கழித்து 1819இல் அதே கம்பெனியின் கொடி சிங்கப்பூரில் ஏறிற்று.

அங்கே 1820இல் அமைந்த முதற் போலீஸ் படையில் மொத்தம் ஒரு டஜன் பேரே இருந்தனர். மாதச் செலவு 300 டாலர். தலைமை தாங்கியவர் பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்ட். அவர் ரெசிடெண்ட் பார்குவாரின் மருமகன். அவரைப் பொறுக்கியபோது பார்த்த தகுதி எது என்பதை இதுவே சொல்லும். அப்படை போதாதென்று கண்ட வணிகர்கள் அடுத்த ஆண்டே தங்களுக்குள் பணம் திரட்டி, மாதம் 54 டாலர் செலவில் ஒரு கான்ஸ்டபிளையும் ஒன்பது பியூன்களையும் இராக்காவலுக்கு அமர்த்தினர். சர்க்கார் காவலும் தனியார் காவலும் அந்நகரில் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. பின்னாளில் தனியார் காவலைச் சட்டத்துக்குள் கொண்டுவர அரசாங்கம் பட்ட பாட்டை நினைக்கும்போது இதை மறக்கலாகாது.

இனி, சிங்கையின் காவல் வரலாற்றில் மிக வியப்பான பகுதி. 1825ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளை அங்கே கொண்டுவந்து குடியேற்றினர். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து பென்கூலனுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள். வங்காளத்தார் அவர்களைத் தொடர்ந்து வந்தனர். 1873 வரை நீடித்த இக்குடியிருப்பில் தமிழர் தொகை சிறிதன்று. இவர்களைக் காக்க முதலில் சம்பளத்துக்கு அமர்த்திய வெளியாட்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆகவே கைதிகளுள் நன்னடத்தை உடையவர்களையே பொறுக்கி மற்றக் கைதிகளுக்குக் காவலராக்கும் முறை வளர்ந்தது. கைதிகள் ஆறு வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டனர். காலில் விலங்குடன் சாலை போடுபவன் ஆண்டுகள் செல்லச் செல்ல விலங்கு நீங்கி, மேல்வகுப்பேறி, பியூனாகவும் டிண்டலாகவும் உயரலாம். அவர்களுள் பலர் கொத்தவேலை, தச்சுவேலை, கருமான் வேலை முதலியவற்றைப் பயின்றனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் கைத்திறனால் எழுந்தவை. இக்குடியிருப்பின் மேலதிகாரியாக இருந்த மெக்நேர் 1899இல் இம்முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கைதிகளே தங்களுக்குக் காவலர் என்பதே அந்நூலின் தலைப்பு.

மேலதிகாரி எழுதிய நூலாதலால் அதில் தற்பெருமை கலந்திருக்கும். விலங்கிட்ட கால்கள் அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்பதை அந்நூலிலிருந்து அறிய முடியாது. எனினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. காவல் வேலைக்கு ஆளைப் பிறப்பால் பொறுக்காமல், படிப்படியாகப் பழக்கி, சோதித்து, உயர்த்திய முதல் ஏற்பாடு அந்தத் தீவில் கைதிகளுக்குள்தான் தோன்றிற்று. வெளியே இருந்த போலீஸ் படைக்கு அப்பேறு வாய்க்க மேலும் காலமாயிற்று.

அப்படையைச் சீர்ப்படுத்தியவர் தாமஸ் டன்மன். அவர் 1843இல் பொறுப்பேற்று, 1857இல் முதல் போலீஸ் கமிஷனராகி, 1871இல் ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் 1854ஆம் ஆண்டு ஹொக்கியன் சீனருக்கும் தியோச்சியூ சீனருக்கும் இடையே மூண்ட கலவரம் பத்து நாட்களுக்கு மேல் நீடித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. போலீஸார் கைபிசைந்து நின்றனர். படைவீரரையும் கப்பல் மாலுமிகளையும் கொண்டே அடக்க வேண்டியதாயிற்று. டன்மன் தம் காவலரின் வேலை நேரத்தைக் குறைத்தார். அவர்கள் எழுதப் படிக்கக் கற்க ஏற்பாடு செய்தார் என்று அப்படையின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். வேலை நேரத்தைக் குறைத்ததும் எழுத்தறிவு தந்ததும் ஒரே மனிதரின் செயல்களாக இருப்பது தற்செயலன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குப் பாடம் ஏறாது.

டன்மனுக்குப் பின் வந்தவர்கள் வேறு வழியில் சென்றனர். 1881இல் பஞ்சாபிலிருந்து சீக்கியர் படையொன்றை வரவழைத்தனர். சீனரின் இரகசியச் சங்கங்களோடு ஒட்டுறவு இல்லாதவர், உயரமானவர், படைப்பழக்கம் உடைய இனத்தவர் என்பவையே அதற்குக் காரணங்கள். மீண்டும் இனமே தகுதியாயிற்று. அப்படை இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலைக்கப்பட்டது. ஆனால் அதன் நிழலில் வேறொரு தொழில் வேரூன்றிவிட்டது. வங்கிகளின் வாயிலிலும் கிடங்குகளின் முன்னும் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் இருந்த வட இந்தியக் காவற்காரரை ஜாகா என்று மக்கள் அழைத்தனர். மலாய்ச் சொல்லான இது விழித்திருத்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்தது. விழித்திருத்தலே தொழில், அதற்குமேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பகலில் சிலர் வட்டிக்குப் பணம் கொடுத்தும் பிழைத்தனர்.

காவல் இவ்வாறு கயிற்றுக் கட்டிலில் இருக்க, துப்புத் துலக்குதல் உலகின் பிற பகுதிகளில் கல்வித்துறையாகிக் கொண்டிருந்தது. இதில் தமிழகத்துக்குப் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. நஞ்சூட்டிய வழக்குகளில் சான்று கூறுவதற்கு இந்தியாவில் முதன்முதல் இரசாயனப் பரிசோதகர் துறை ஏற்பட்டது சென்னையில், 1849இல். ஆஸ்திரிய நாட்டில் விசாரணை நீதிபதியாக இருந்த ஹான்ஸ் கிராஸ் 1893இல் ஒரு பெருநூல் எழுதினார். குற்றம் நடந்த இடத்தில் எதைத் தொடுவது, எதைத் தொடாதிருப்பது, சாட்சியின் நினைவு எவ்வாறு அவனை அறியாமலே பிறழும் என்பவற்றை முறைப்படுத்திய முதல் நூல் அது. அந்நூலின் ஆங்கில வடிவம் இலண்டனில் தோன்றவில்லை. 1906இல் சென்னையில், ஜான் ஆடம், ஜே. காலியர் ஆடம் என்னும் வழக்கறிஞர் இருவர் அதனை மொழிபெயர்த்து, இந்தியாவுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்ப மாற்றி வெளியிட்டனர். கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உலகின் முதல் அலுவலகம் கல்கத்தாவில் 1897இல் திறக்கப்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கும் அம்முறைக்கு உழைத்தவர்கள் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர். பல்கலைக்கழகங்கள் மெல்ல மெல்லக் கதவு திறந்தன. சுவிட்ஸர்லாந்தின் லோசான் 1909இல் தொடங்கிற்று. அமெரிக்காவில் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 1916இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் காவலருக்குப் பாடம் நடத்தச் செய்தார். இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959இல் குற்றவியல் துறையை நிறுவிற்று.

சிங்கையில் பல்கலைக்கழகத்துக்கு முன் சட்டம் வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871இலும், ஸ்டீபன் வகுத்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தைத் தழுவி 1893இலும் அங்கே சட்டங்கள் இயற்றப்பட்டன. இதில் ஒரு வேடிக்கை: 2024 ஜூலை முதல் நாளோடு மூலச் சட்டங்கள் இந்தியாவில் வழக்கொழிந்தன, வேறு பெயரில் புதிய சட்டங்கள் வந்தன. படியெடுத்த நாட்டில் அப்பழைய சட்டங்கள் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் சிங்கப்பூர் மூலத்தை விட்டு விலகிற்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பது இந்தியச் சட்டத்தின் விதி. இந்தியப் போலீஸாரிடம் இருந்த அவநம்பிக்கையின் விளைவு அது. சிங்கப்பூர்ச் சட்டப்படியோ, சார்ஜெண்ட் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் தானாக மனமுவந்து கொடுத்த வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தூக்குத் தண்டனை உள்ள நாடு அது. ஒரு சார்ஜெண்ட் ஓர் அறையில் அமர்ந்து, எதிரில் இருப்பவன் சொன்னதை எவ்வாறு எழுதிக்கொண்டார் என்பதில் ஓர் உயிர் தொங்கக்கூடும். எதிரில் இருப்பவன் ஆங்கிலம் அறியாத தமிழனாக இருந்தால் அவன் சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்க, அதை அதிகாரி எழுத, எழுதியதை மீண்டும் தமிழில் படித்துக்காட்ட, அவன் கையொப்பமிட வேண்டும். ‘தள்ளிவிட்டேன்’ என்ற சொல் ஒன்றே, பிடித்துத் தள்ளியதையும் குறிக்கும், விலக்கிவிட்டதையும் குறிக்கும். காவற்கல்வியின் கடினமான பாடம் துப்பாக்கியில் இல்லை, இங்கே இருக்கிறது. ஒற்றன் ஒருவன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வற்புறுத்தியதும் இதன் பொருட்டே. 2018இல் நிறைவேறிய குற்றவியல் சீர்திருத்தச் சட்டம், விசாரணையை எழுதிக்கொள்வதோடன்றிப் படக்கருவியில் பதிவு செய்யவும் வழி செய்தது.

சட்டம் இவ்வளவு பொறுப்பைக் காவலர் தலையில் ஏற்றியபோது பயிற்சியும் வளர வேண்டியதாயிற்று. 1915இல் சிங்கையில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தனர். அதன் பிறகு அரசியல் உளவுக்கெனத் தனிப்பிரிவு உண்டாயிற்று. 1929இல் தாம்சன் சாலையில் போலீஸ் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற சிறுமியின் வழக்கை ஒட்டிக் கலவரம் மூண்டு 18 பேர் இறந்தனர். போலீஸாரின் செயலின்மையை விசாரணைக் கமிஷன் கண்டித்தது. 1952இல் கலகமடக்கும் படை தனியே பயிற்றப்பட்டது. தாம்சன் சாலைப் பள்ளி 1969இல் போலீஸ் கழகம் என்ற பெயர் பெற்றது. 2006இல் போலீஸ், தீயணைப்பு, குடிநுழைவு முதலிய துறைகள் யாவற்றுக்கும் பொதுவான பயிற்சிக் கழகம் சுவா சூ காங் பகுதியில் திறப்பு விழாக் கண்டது.

தனியார் காவலைச் சட்டம் தொட்டது 1970களில். போலீஸின் காவல் பிரிவு ஒன்று 1972இல் சிஸ்கோ என்ற அரசாங்க நிறுவனமாகப் பிரிந்தது. 1973இல் தனியார் துப்பறிவோர், காவல் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கான சட்டம் வந்தது. 2007இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறி 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி காவலரோ துப்பறிவாளரோ பயிற்சி முடித்து உரிமம் பெறாமல் தொழில் செய்ய முடியாது. நிகழ்ச்சியொன்று நேர்ந்தால் என்ன செய்வது, சுற்றுக்காவல் எவ்வாறு செல்வது, பயங்கரவாதத்தின் அறிகுறிகளை எவ்வாறு கண்டுகொள்வது என்பவை தொடக்கப் பாடங்கள். ஜாகாவின் கயிற்றுக் கட்டில் சட்டப்படி அன்றே மடிக்கப்பட்டது எனலாம்.

சட்டம் நிறைவேறிய மறு ஆண்டே ஒரு பெரிய இழுக்கு நேர்ந்தது. 2008 பிப்ரவரி 27ஆம் நாள், மாஸ் செலாமாட் என்ற பயங்கரவாதி உவிட்லி சாலைத் தடுப்புக்காவல் நிலையத்திலிருந்து தப்பினான். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, கம்பியில்லாத காற்றுச் சாளரத்தின் வழியே வெளியேறினான் என்று விசாரணைக் குழு கண்டது. கூர்க்காக் காவலர் இருந்தனர், மதில் இருந்தது, வேலி இருந்தது. கம்பி மட்டும் இல்லை. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து எதிரியின் கண்ணோடு ஓட்டைகளைக் கணக்கெடுப்பதுதான் பாதுகாப்பு நிர்வாகம் என்ற படிப்பின் முதல் வேலை. வீரம் மிக்க இனத்தார் என்ற நம்பிக்கை அந்த ஓட்டையை அடைக்கவில்லை.

தமிழரை நேரடியாகத் தொட்ட நிகழ்ச்சி 2013 டிசம்பர் 8ஆம் நாள் ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் நடந்தது. தொழிலாளர் விடுதிகளுக்குச் செல்லும் தனியார் பேருந்தின் அடியில் தமிழகத் தொழிலாளி ஒருவர் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்தெழுந்தது. பேருந்தைத் தாக்கினர், போலீஸ் வண்டிகளைக் கவிழ்த்தனர், ஆம்புலன்ஸ் எரிந்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014 ஜூன் இறுதியில் அறிக்கை அளித்தது. பேருந்து ஓட்டுநர் மீதோ, நேரக் கண்காணிப்பாளரான பெண் மீதோ குற்றமில்லை என்றும், மீட்புப் பணியாளர் அவ்விருவரைக் காத்ததைக் கண்டு, அடிபட்டவனை விட்டுவிட்டார்கள் என்று கூட்டம் தவறாக எண்ணியதென்றும், மது அந்நெருப்புக்கு எண்ணெய் வார்த்ததென்றும் குழு முடிவு செய்தது. தொழிலாளரின் வாழ்க்கை நிலைமீதான மனக்குறையே காரணம் என்ற கருத்தைக் குழு ஏற்கவில்லை. போலீஸ் பக்கமும் குறை கண்டது. செய்தித் தொடர்பு சரியாக இல்லை. முதலில் வந்து சேரும் சாதாரணக் காவலருக்கே பெருங்கூட்டத்தைக் கையாளும் பயிற்சி வேண்டும் என்றது. இரு சாலைகள் சந்திக்கும் மூலையில், ஒரு சில நிமிடங்களில், தமிழில் கூவிச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அவ்வறிக்கையைப் படிப்போர்க்கு எழாமற் போகாது.

அதன் பின் நடந்த துலக்குதலும் சிறியதன்று. ஏறத்தாழ 4,000 தொழிலாளர்களைப் போலீஸார் விசாரித்தனர். 25 பேர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். 57 பேர் வழக்கின்றியே நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நீதிமன்றத்தில் நின்றவனுக்குச் சாட்சியை மறுத்துக் கேட்கும் உரிமை இருந்தது. அனுப்பப்பட்டவனுக்கு அது இல்லை. அவன் செய்தது என்ன என்பதற்கு விசாரித்த அதிகாரியின் குறிப்பே முதலும் முடிவுமாயிற்று. இதனைக் குறை கூறியோர் அப்போதே இருந்தனர். குறிப்பு எழுதும் கை எவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இப்பின்னணியில் கிளமெண்டிச் சாலைக்குத் திரும்பினால் அங்குள்ள படிப்புக்களின் தேவை தெளிவாகும். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேர் 1964இல் தோன்றிய சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தில் இருக்கிறது. அக்கழகம் 2005இல் ‘யுனிசிம்’ என்ற பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது; அது 2017இல் இன்றைய பெயருடன் தன்னாட்சிப் பல்கலைக்கழகமாயிற்று. பகலில் வேலை பார்த்து மாலையில் படிப்பவர்களுக்கென்றே எழுந்த நிலையம் அது. ஆதலின் காவல் துறையிலும் காவல் நிறுவனங்களிலும் இருப்போர் சீருடையைக் களைந்துவிட்டு வந்து வகுப்பில் அமர முடிகிறது. 2017இல் அங்கே குற்றவியல் சட்டத்துக்கும் குடும்பச் சட்டத்துக்கும் முதன்மை தரும் சட்டப்பள்ளியும் தொடங்கிற்று. தமிழ்மொழியிலும் இலக்கியத்திலும் பட்டம் பெறுவதற்குரிய படிப்பும் அதே பல்கலைக்கழகத்தில் உண்டு. குற்றவியல் சட்டம், பொதுப் பாதுகாப்பு, தமிழ் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருப்பது திட்டமிட்ட ஏற்பாடாகத் தோன்றவில்லை. ஆனால் வாக்குமூல அறையில் நடப்பதை எண்ணினால், அம்மூன்று துறை மாணவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது நல்லது. சிலப்பதிகாரம் படிப்பவருக்குச் சாட்சியச் சட்டமும், சாட்சியச் சட்டம் படிப்பவருக்குக் கொலைக்களக் காதையும் அயலானவை அல்ல.

பட்டம் மேலே போய்க்கொண்டிருக்க, அடியில் நிற்பவர் நிலை என்ன என்பது வேறு கேள்வி. அடுக்குமாடி வீடுகளின் வாயிற்கூண்டில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது அத்தொழிலில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2016 செப்டம்பர் முதல், படிப்படியாக உயரும் சம்பள முறை இத்தொழிலில் கட்டாயமாயிற்று. காவல் அதிகாரி, மூத்த காவல் அதிகாரி, மேற்பார்வையாளர், மூத்த மேற்பார்வையாளர், தலைமைக் காவல் அதிகாரி என ஐந்து படிகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன பயிற்சி, இன்ன குறைந்த சம்பளம் என்று விதித்தனர். கைதிகளின் ஆறு வகுப்புக்களை இது நினைவூட்டுகிறது. வேறுபாடு என்னவெனில் இங்கே ஏறுபவன் சுதந்திர மனிதன். 2021 முதல் மிகைநேர வேலைக்கு இத்தொழிலுக்கு இருந்த விலக்கும் நீக்கப்பட்டது. டன்மன் செய்த சீர்திருத்தம் தனியார் காவலருக்கு வந்துசேர ஒன்றரை நூற்றாண்டாயிற்று.

முதற்படியில் நிற்பவர் மேற்படிகளில் ஏறி, அங்கிருந்து கிளமெண்டிச் சாலை வகுப்பறை வரை செல்ல வழி திறந்திருக்கிறது. எத்தனை பேர் செல்வர் என்பது மாலையில் அவருக்கு எஞ்சும் தெம்பைப் பொறுத்தது. ஆயினும் வாயிற்கூண்டில் இருப்பவர் எழுதும் நிகழ்ச்சிக் குறிப்பே பல வழக்குகளில் முதற்சான்று என்பதை நிறுவனங்கள் உணரத் தொடங்கியிருக்கின்றன. எந்த மணிக்கு, எந்த வண்டி, யார் எதைச் சொன்னார் என்று நேரில் கண்டதை மட்டும் எழுதி, ஊகித்ததை எழுதாமல் விடும் பழக்கம் பயிற்சியால்தான் வரும். படக்கருவிகள் பெருகிய இக்காலத்தில் இத்தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. கருவி காட்டும், ஒலியில்லாத படத்தில் ஒருவன் கையை ஓங்கியது அடிக்கவா, தடுக்கவா என்பதைப் பக்கத்தில் நின்றவரே சொல்ல வேண்டும்.

சமூக அறிவியல் பல்கலைக்கழகம் கிளமெண்டிச் சாலையை விட்டு, 2030களின் இடைப்பகுதியில் நகரின் ரோச்சோர் பகுதிக்கு இடம்பெயரும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ரோச்சோரிலிருந்து சிராங்கூன் சாலையும் தேக்காச் சந்தையும் நடந்துபோகும் தூரமே. அங்கிருந்து ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் மூலைக்கு இன்னும் சில நிமிட நடைதான்.